சாக்லேட்டே வாங்கியதில்லை, பிறகு எப்படிச் சொத்தை வந்தது?

தூங்காத அம்மா · ஞாயிறு, இரவு 11.48

பையனுக்கு இரண்டு வயது ஏழு மாதம். நேற்று குளிப்பாட்டும்போது கண்ணில் சோப்பு போய்விட்டது என்று அண்ணாந்து வாயைப் பிளந்து அழுதான். அப்போதுதான் பார்த்தேன், மேல் முன்பற்களில் இரண்டில் ஈறை ஒட்டிப் பழுப்பாக ஒரு கோடு, அதில் ஒன்றில் ஓரம் உதிர்ந்த மாதிரி இருக்கிறது. இத்தனை நாள் இது என் கண்ணில் படாமல் எப்படி இருந்தது என்று எனக்கே புரியவில்லை, தினமும் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பல் தேய்த்துவிடுகிறேன், காலையில் மட்டும், அதுவும் அவன் விட்டால். சாக்லேட் என்ற பொருளே இந்த வீட்டுக்குள் வருவதில்லை, யாராவது கொடுத்தாலும் நான் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வேன். மாமியார் "பூச்சிப் பல்தானே, விழுந்து முளைக்கும், விடு" என்கிறார். கணவர் ராத்திரி பால்தான் காரணம் என்கிறார், என்னவோ ராத்திரி எழுந்து பால் கலக்குவது அவர் என்பது போல. என் அம்மா, மருந்து நிறையக் கொடுத்ததால் பல் அரித்துவிட்டது என்கிறார். பல் டாக்டரிடம் அடுத்த சனிக்கிழமைதான் நேரம் கிடைத்திருக்கிறது. உண்மையில் இது எதனால் வருகிறது என்று தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை, வீட்டில் ஏற்கனவே வாங்கியாகிவிட்டது.

---

மூன்று பிள்ளை அப்பா

திட்ட மாட்டேன் தங்கச்சி, எனக்கும் இதே கதைதான். மூன்று பிள்ளைகள், ஒரே வீடு, ஒரே சமையல், ஒரே பேஸ்ட். பெரியவளுக்கும் கடைக்குட்டிக்கும் ஒரு புள்ளிகூட இல்லை, நடுவில் இருப்பவனுக்கு நான்கு வயதில் ஆறு பல் சொத்தை. அதனால் என் முடிவு இது பரம்பரை, நாம் ஒன்றும் செய்வதற்கில்லை. என் அப்பாவுக்கும் ஐம்பது வயதில் பல்லே கிடையாது.

---

பேரன் தாத்தா

அந்தக் காலத்தில் இரண்டு வயதுப் பிள்ளைக்கு யார் பல் தேய்த்துவிட்டார்கள்? பால் பல் என்பது விழுவதற்காகவே வருவது. அதற்கு டாக்டர், நேரம், தூக்கமின்மை எல்லாம் தேவையில்லை என்பது என் கருத்து. கோபித்துக்கொள்ள வேண்டாம்மா, ஆறுதலுக்காகச் சொல்கிறேன்.

---

பல் டாக்டர் 77

வணக்கம், நான் குழந்தைகளுக்கு மட்டும் பல் பார்ப்பவன். படம் கூடப் பார்க்காமல் எழுத்தை வைத்து இன்னதுதான் என்று சொல்ல முடியாது, சனிக்கிழமை பார்க்கிறவர் சொல்வதுதான் கணக்கு. ஆனால் காரணத்தைத் தேடலாம்.

தூங்காத அம்மா, ஒரு வேலை செய்யுங்கள். காலை எழுந்ததிலிருந்து மறுநாள் காலை வரை, தண்ணீர் தவிர அவன் வாய்க்குள் போகும் ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதி இங்கே போடுங்கள். நல்ல உணவு, கெட்ட உணவு என்று நீங்களே பிரித்து எதையும் விட்டுவிடாதீர்கள், மருந்தையும் சேர்த்து எழுதுங்கள். சாக்லேட் கொடுத்தீர்களா என்று நான் என்னிடம் வருபவர்களிடம் கேட்பதே இல்லை. எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள், பாதிப் பேர் உண்மையாகவே கொடுத்திருக்க மாட்டார்கள்.

---

தூங்காத அம்மா

சரி, மறைக்காமல் எழுதுகிறேன்.

6.30க்கு எழுந்ததும் புட்டியில் பால், ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு. 8.30க்குச் சாப்பாடு, முக்கால் மணி நேரம் இழுப்பான். 10 மணி வாக்கில் இரண்டு பிஸ்கட். அப்புறம் சிப்பரில் பழச்சாறு, வீட்டிலேயே பிழிந்தது, சர்க்கரை போடாமல் தண்ணீர் கலந்து. அதைத் தூக்கிக்கொண்டே வீடு முழுக்கச் சுற்றுவான், மதியம் வரை வரும். 1 மணிக்குச் சாப்பாடு. தூங்க வைக்கப் புட்டிப் பால். 4 மணிக்கு எழுந்ததும் உலர்திராட்சை ஒரு கைப்பிடி, மிட்டாய்க்குப் பதில் நல்லதாயிற்றே என்று. மறுபடி சிப்பர். 7.30க்கு இரவுச் சாப்பாடு. 9 மணிக்குப் புட்டியோடு படுத்தால் அப்படியே தூங்கிவிடுவான், புட்டி வாயிலேயே இருக்கும். 2 மணிக்கு ஒரு முறை எழுவான், மறுபடி பால். கடந்த நான்கைந்து மாதமாக அடிக்கடி இருமல், அதற்கு டாக்டர் கொடுத்த சிரப், படுக்கும் முன் ஐந்து மில்லி.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோதே வயிற்றைப் பிசைகிறது. ஆனாலும் இதில் மோசமான பொருள் என்று எதுவும் தெரியவில்லையே?

---

பல் டாக்டர் 77

மோசமான பொருள் எதுவும் இல்லை என்பது உண்மைதான். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பல்லின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய படலம் இருக்கும், அதில் கிருமிகள் வாழ்கின்றன. நாம் சர்க்கரையைத் தின்றால் அவையும் தின்னும், தின்றுவிட்டு அமிலத்தை வெளியே விடும். அந்த அமிலம் பல்லின் கெட்டியான வெளி உறையான எனாமலில் இருந்து கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கரைத்து எடுக்கிறது. வாயின் பிஹெச் அளவு, அதாவது குறையக் குறைய அமிலம் அதிகம் என்று காட்டும் எண், ஏறக்குறைய 5.5க்குக் கீழே இறங்கினால் இந்தக் கரைப்பு தொடங்கும். இனிப்பு உள்ளே போன சில நிமிடத்திலேயே இறங்கிவிடும். அதன் பிறகு எச்சில் வந்து அமிலத்தைக் கழுவி, கரைந்துபோன கால்சியத்தைத் திரும்பக் கொண்டுவந்து பூசி, பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். ஸ்டீபன் என்பவர் 1940களில் அளந்து வரைந்த வளைகோடு இது, இன்றைக்கும் முதல் வருடப் பாடத்தில் அதைத்தான் வரையச் சொல்வார்கள்.

ஆக, பல் தினமும் கரைகிறது, தினமும் தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது. எல்லோருக்கும் அப்படித்தான், எனக்கும் உங்களுக்கும். கரையும் நேரம் அதிகமாகி, சரிசெய்துகொள்ளும் நேரம் குறைந்தால் அதுதான் சொத்தை. இப்போது உங்கள் பட்டியலைப் பாருங்கள். என்ன கொடுத்தீர்கள் என்பதை விடுங்கள், எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்று எண்ணுங்கள். சிப்பரை ஒரு முறையாகக் கணக்கில் எடுக்காதீர்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு மிடறு என்றால் ஒவ்வொரு மிடறும் வளைகோட்டை மறுபடி கீழே இழுக்கிறது. காலை 6.30 முதல் இரவு 9 வரை அந்த எச்சிலுக்கு நிம்மதியாக ஒரு மணி நேரம் கிடைத்த மாதிரியே எனக்குத் தெரியவில்லை. பாவம், அதுவும் எத்தனை தடவைதான் கழுவும்?

அடுத்தது இரவு. தூங்கும்போது எச்சில் சுரப்பு மிகவும் குறைந்துவிடும், விழுங்குவதும் அரிதாகிவிடும். பகலில் அரை மணியில் ஓடிப்போகும் பால், இரவில் மேல் முன்பல்லைச் சுற்றிக் குளம் கட்டி நிற்கும். மேல் முன்பல் ஏன் முதலில் போகிறது என்பதற்கும் இதுதான் காரணம். புட்டி சப்பும்போது கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்கிறது, நாக்குக்கு அடியில் சுரக்கும் எச்சிலும் அவற்றை நனைத்துக்கொண்டே இருக்கிறது. உங்கள் பையனுடைய கீழ்ப்பற்களைப் பாருங்கள், பெரும்பாலும் சுத்தமாக இருக்கும்.

---

தூங்காத அம்மா

இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழே ஒன்றுமே இல்லை, வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. நீங்கள் எப்படிப் பார்க்காமலே சொன்னீர்கள் என்று கணவர் கேட்கிறார்.

---

அரைகுறை ஆய்வாளர்

"எவ்வளவு" என்பதைவிட "எத்தனை முறை" முக்கியம் என்பதை நிரூபித்த கதை ஒன்று இருக்கிறது, கேட்டால் ரத்தம் கொதிக்கும். ஸ்வீடனில் வீப்பெஹோல்ம் என்ற மனநலக் காப்பகம். 1945இல் தொடங்கிச் சில ஆண்டுகள் அங்கிருந்த நூற்றுக்கணக்கான மூளை வளர்ச்சி குன்றியவர்களை வைத்துச் சோதனை செய்தார்கள். சிலருக்குச் சாப்பாட்டோடு சர்க்கரை, சிலருக்குச் சாப்பாட்டுக்கு நடுவே பல்லில் ஒட்டும் டாஃபி. சாப்பாட்டோடு நிறையச் சர்க்கரை தின்றவர்களுக்குச் சொத்தை அதிகமாகவில்லை என்றே சொல்லலாம், இடையிடையே டாஃபி தின்றவர்களுக்குப் பல் கும்பலாகப் போனது. 1954இல் முடிவை வெளியிட்டார்கள். அந்த மனிதர்கள் யாரும் சம்மதிக்கவில்லை, சம்மதிக்கும் நிலையிலும் இல்லை. இன்றைக்குப் பல் டாக்டர்கள் எல்லோரும் கொடுக்கும் அறிவுரை அவர்கள் வாயில் இருந்து வந்தது என்பதை நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது.

உலர்திராட்சை ஞாபகம் வந்தது இதனால்தான். ஒட்டுவதில் டாஃபிக்குத் தம்பி அது.

---

நேர்கோடு

தூங்காத அம்மாவின் மாமியார் சொன்ன "பூச்சி"யைப் பற்றி யாரும் பேசவில்லையே. நம் ஊர் பாட்டிகள் மட்டும் சொன்னதில்லை அது, சுமேரியர் காலத்துக் களிமண் பலகைகளிலேயே பல்லைத் துளைக்கும் புழு இருக்கிறது. 1728இல் பியர் ஃபோஷார் என்ற பிரெஞ்சு பல் வைத்தியர், நானும் தேடித் தேடிப் பார்த்தேன், புழுவைக் காணவில்லை என்று எழுதினார். சர்க்கரை மேல் அவருக்கு அப்போதே சந்தேகம். 1890இல் மில்லர் என்பவர் பிடுங்கிய பல்லை ரொட்டியும் எச்சிலும் கலந்த கலவையில் ஊறப்போட்டு அது மெத்தென்று ஆவதைக் காட்டினார். 1924இல் கிளார்க் என்பவர் சொத்தைக்குள் இருந்து ஒரு கிருமியைப் பிரித்து அதற்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று பெயர் வைத்தார். ஆக, பாட்டி சொன்ன பூச்சி இருக்கத்தான் செய்கிறது, என்ன, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னது.

என் கேள்வி வேறு. குழந்தை பிறக்கும்போது வாயில் அந்தக் கிருமி இல்லையாம். பெற்றவர்களிடம் இருந்துதான் போகிறது என்கிறார்கள். அப்படியானால் ஒரே ஸ்பூனில் ஊட்டுவது, ஊதிக் கொடுப்பது, வாயில் முத்தம் இதெல்லாம்தானே காரணம்?

---

பல் டாக்டர் 77

நேர்கோடு, கிருமி வீட்டில் இருந்துதான் போகிறது, பெரும்பாலும் அம்மாவிடம் இருந்து, ஏனென்றால் குழந்தையோடு அதிக நேரம் இருப்பவர் அவர். ஆனால் ஸ்பூனைப் பிரித்துவிட்டால் தப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள், ஒரு வீட்டில் சேர்ந்து வாழ்பவர்களின் வாய்க் கிருமி இன்று இல்லாவிட்டால் நாளைக்குப் போய்ச் சேரத்தான் செய்யும். குழந்தையை முத்தமிடுவதை நிறுத்தச் சொல்லும் டாக்டராக நான் இருக்க விரும்பவில்லை.

வேறு இரண்டு விஷயம் உதவும். வீட்டுப் பெரியவர்கள் தங்கள் வாயில் இருக்கும் சொத்தையை அடைத்துக்கொள்வது ஒன்று, அப்போது போகும் கிருமியின் அளவு குறையும். கீழே விழுந்த சூப்பானைத் தன் வாயில் வைத்துச் சுத்தம் செய்து குழந்தைக்குக் கொடுக்காமல் இருப்பது இன்னொன்று. இதைவிடவும் முக்கியமானது, இந்தக் கிருமி எல்லோர் வாயிலும் கொஞ்சம் இருக்கும் ஆள், அடிக்கடி சர்க்கரை கிடைக்கும் வாயில்தான் அது கும்பலாகப் பெருகும். அமிலத்தைத் தாங்க முடியாத மற்ற நல்ல கிருமிகள் செத்துப்போக, இது மட்டும் வீட்டைப் பிடித்துக்கொள்ளும். சர்க்கரையில் இருந்தே பசை மாதிரி ஒன்றையும் தயாரித்துப் பல்லில் ஒட்டிக்கொள்ளும்.

---

மழைக்குருவி

டாக்டர், எனக்கு ஒரு சந்தேகம், கொஞ்சம் அழுகையும் கூட. என் மகள் ஏழு வாரம் முன்னதாகப் பிறந்தவள். ஒன்றேகால் வயதிலேயே முன்பல்லில் குழி குழியாக இருந்தது. புட்டியே பழக்கியதில்லை, இனிப்பே ஆரம்பித்திருக்கவில்லை. நான் தாய்ப்பால்தான் கொடுத்தேன், இரவிலும். எல்லோரும் அதைத்தான் குற்றம் சொன்னார்கள், ஒரு பல் டாக்டரே "தாய்ப்பாலை உடனே நிறுத்து" என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னார். இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

---

பல் டாக்டர் 77

மழைக்குருவி, பால் பல்லின் எனாமல் கர்ப்பத்திலேயே உருவாகத் தொடங்கிவிடுகிறது. குறைமாதத்தில் பிறந்தாலோ எடை மிகக் குறைவாக இருந்தாலோ, பிறந்த புதிதில் கடுமையாக நோய்ப்பட்டாலோ எனாமல் சரியாகக் கட்டாமல் போகலாம். மெல்லியதாக, குழியாக, சுண்ணாம்பு போல வெண்மையாக வரும். அப்படிப்பட்ட பல் முளைக்கும்போதே பாதி தோற்றுப்போய்த்தான் வருகிறது, மற்ற குழந்தைக்கு ஒன்றும் செய்யாத உணவே இதைக் கரைத்துவிடும். சாதாரணப் பால் பல்லிலேயே எனாமல் நிலைப்பல்லில் இருப்பதில் ஏறக்குறைய பாதிக் கனம்தான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இதில் உங்கள் கை எதுவும் இல்லை.

தாய்ப்பால் பற்றி. முதல் ஒரு வருடம் வரை தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குச் சொத்தை குறைவாகவே இருப்பதாகத்தான் ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு வயதுக்குப் பிறகு, பல் நிறைய வந்த நிலையில், இரவு முழுக்க அடிக்கடி குடித்துக்கொண்டே தூங்கும் குழந்தைகளுக்கு வாய்ப்பு கூடுகிறது. ஆனால் அந்த வயதில் குழந்தை மற்ற உணவும் சாப்பிடுகிறது. பல்லில் அன்றைய சாப்பாடு ஒட்டியிருக்க அதன் மேல் பால் என்பதுதான் சிக்கல். என் வழக்கம், தாய்ப்பாலை நிறுத்தச் சொல்வதில்லை, கடைசிச் சாப்பாட்டுக்குப் பிறகு பல்லைத் தேய்த்துவிட்டுக் கொடுங்கள், இரவில் எத்தனை முறை என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள் என்பதோடு சரி. அப்படிக் கத்திய அந்த டாக்டர் சார்பில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

---

மழைக்குருவி

நன்றி டாக்டர். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

---

மூன்று பிள்ளை அப்பா

பரம்பரை என்று நான் சொன்னதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, கவனித்தேன்.

---

பல் டாக்டர் 77

வரிசையில் வந்துகொண்டிருந்தேன் அண்ணே. பரம்பரைக்குப் பங்கு உண்டு. எனாமலின் தன்மை, பல்லின் குழிகள் எவ்வளவு ஆழம், எச்சில் எவ்வளவு, இனிப்பின் மேல் எவ்வளவு ஆசை என்பதெல்லாம் கொஞ்சம் ரத்தத்தில் வருவதுதான், இரட்டைக் குழந்தைகளை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் ஒரே வீட்டில் மூன்றில் ஒன்றுக்கு மட்டும் என்றால் நான் முதலில் வேறொன்று கேட்பேன். நடுப்பையன் சாப்பிடும்போது சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்வானா?

---

மூன்று பிள்ளை அப்பா

இதை உங்களுக்கு யார் சொன்னது? அணில் மாதிரி வைத்திருப்பான். ஒரு மணி நேரம் கழித்து விழுங்கு விழுங்கு என்று கத்தினால்தான் விழுங்குவான். சில நாள் தூங்கும்போது கன்னத்தில் இருந்து விரல் விட்டு எடுத்திருக்கிறேன். வீட்டில் எல்லோரும் சிரிப்போம்.

என் மனைவி இதைப் படித்துவிட்டு, "ஆறு பல்லும் அவன் ஒதுக்கும் பக்கம்தானே" என்கிறாள். யோசித்துப் பார்த்தால் நான்கு அந்தப் பக்கம்தான். அப்பாவின் பல்லைச் சும்மா இழுத்துவிட்டேன் போலிருக்கிறது.

---

கேள்விக்குறி

தூங்காத அம்மாவின் அம்மா சொன்னதும் சரியாக இருக்கலாமே? என் அக்கா பையனுக்கு ஆன்டிபயாடிக் நிறையக் கொடுத்துப் பல் எல்லாம் கறுப்பாகிவிட்டது.

---

பல் டாக்டர் 77

கறை வேறு, சொத்தை வேறு. இரும்புச் சத்து சொட்டு மருந்து கொடுத்தால் பல் மேல் கறுப்பாகப் படியும், தேய்த்தால் போகும். டெட்ராசைக்ளின் என்ற ஒரு வகை மருந்தைப் பல் உருவாகும் வயதில் கொடுத்தால் பல்லின் உள்ளேயே நிறம் மாறும், அதனால்தான் எட்டு வயதுக்குள் அதைத் தவிர்க்கிறோம். இரண்டும் பல்லை அரிப்பதில்லை.

ஆனால் பாட்டி முழுக்கத் தப்பும் இல்லை. சிரப்புகளில் பலவற்றில் கசப்பை மறைக்கச் சர்க்கரை நிறைய இருக்கும். அதைப் படுக்கும் முன், பல் தேய்த்த பிறகு, மாதக்கணக்கில் கொடுத்தால் என்ன ஆகும்? குற்றவாளி மருந்து இல்லை, அது மிதந்து வரும் பாகுதான். சர்க்கரை இல்லாத சிரப் இருக்கிறதா என்று மருந்து எழுதும் டாக்டரிடம் கேளுங்கள். இல்லையென்றால் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கலாமா என்று கேளுங்கள், அதுவும் முடியாவிட்டால் கொடுத்த பிறகு பல் தேய்த்துவிடுங்கள். மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

---

வேப்பிலை

இவ்வளவு பேசுகிறீர்கள், ஃபுளூரைடு விஷம் என்பதை யாரும் சொல்லவில்லை. குழந்தை பேஸ்டை விழுங்கிவிடும். அதனால் நான் ஃபுளூரைடு இல்லாத பேஸ்ட்தான். என் மகளுக்கு ஐந்து வயது, சொத்தை கிடையாது.

---

பல் டாக்டர் 77

உங்கள் மகளுக்கு இல்லாதது சந்தோஷம், அவள் அடிக்கடி கொறிப்பவளாக இருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். சர்க்கரை குறைவாகப் போகும் வாய்க்கு எந்தப் பேஸ்டும் ஓரளவு போதும். ஆனால் ஏற்கனவே கரைய ஆரம்பித்த பல்லை வைத்துக்கொண்டு ஃபுளூரைடு இல்லாத பேஸ்டில் தேய்ப்பது சுவரில் விரிசல் விழுந்த பிறகு வெறும் துணியால் துடைப்பது மாதிரி. கரைந்த இடத்தில் கால்சியம் திரும்பப் படிவதற்கு ஃபுளூரைடு உதவுகிறது, அப்படிப் படிந்தது பழையதைவிட அமிலத்தை நன்றாகத் தாங்கும்.

விழுங்குவது பற்றிய பயம் நியாயம்தான், பல் உருவாகும் வயதில் ஃபுளூரைடு அதிகமாகப் போனால் வரப்போகும் நிலைப்பல்லில் வெள்ளைத் திட்டு வரும். அதற்குத்தான் அளவு. மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, மூன்றில் இருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் முழுக்க அலை அலையாகப் போட்டுக் காட்டுவார்களே, அது பேஸ்ட் விற்பதற்காக. பேஸ்டில் ஃபுளூரைடு 1000 பிபிஎம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தேய்த்த பிறகு துப்பினால் போதும், தண்ணீர் விட்டு நன்றாகக் கொப்பளித்தால் போட்டதெல்லாம் போய்விடும்.

---

வேப்பிலை

அளவு பற்றிச் சொன்னது சரிதான். மற்றதை நான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

---

பேரன் தாத்தா

டாக்டர் என்னைத் தவிர எல்லோருக்கும் பதில் சொல்லிவிட்டார். விழப்போகும் பல்லுக்கு எதற்கு இத்தனை பாடு?

---

பல் டாக்டர் 77

ஐயா, உங்களுக்குத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று கடைசியில் வைத்தேன்.

முன்பல் ஆறேழு வயதில் விழுந்துவிடும், உண்மை. கடைவாய்ப் பால் பல் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியது. இரண்டரை வயதில் சொத்தையாகிற பல்லை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை இன்னும் எட்டு ஒன்பது வருடம் மென்றாக வேண்டும். பால் பல்லில் நரம்பு இருக்கும் அறை பல்லின் அளவுக்குப் பெரியது, சுவர் மெல்லியது. அதனால் சொத்தை சீக்கிரம் உள்ளே போய்ச் சீழ் வைக்கும். அந்தச் சீழ் வேருக்கு அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லைத் தொட்டால், அது பிறகு முளைக்கும்போதே பழுப்புத் திட்டோடு வரலாம், டர்னர் பல் என்போம். சீக்கிரமே பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் வரவேண்டியது கோணலாக வரும்.

இதெல்லாம்கூட வேண்டாம். இரவில் பல்வலியால் அழும் இரண்டு வயதுப் பிள்ளைக்குப் "பல் வலிக்கிறது" என்று சொல்லத் தெரியாது. சாப்பிட மாட்டான், ஒரு பக்கமே மெல்லுவான், எரிந்து விழுவான், அடம் என்று நினைத்து நாம் அடிப்போம். நான் பார்த்த பிள்ளைகளில் சிலர் சொத்தையைச் சரிசெய்த மறுவாரமே ஒழுங்காகத் தூங்கியிருக்கிறார்கள். உலகத்தில் பால் பல் சொத்தையோடு இருக்கும் குழந்தைகள் 51 கோடிக்கும் மேல் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 அறிக்கையில் சொல்கிறது. எல்லாம் விழப்போகும் பல்தான்.

---

பேரன் தாத்தா

எட்டு ஒன்பது வருடம் என்று நான் நினைக்கவில்லை. மொத்தமாக ஆறு வயதில் எல்லாம் விழுந்துவிடும் என்று நினைத்திருந்தேன். பேரன் பக்கத்தில்தான் படுத்திருக்கிறான், காலையில் வாயைப் பார்க்கிறேன். எப்படிப் பார்ப்பது?

---

பல் டாக்டர் 77

மேல் உதட்டை விரலால் தூக்குங்கள் ஐயா, ஈறும் பல்லும் சேரும் கோட்டைப் பாருங்கள். சுண்ணாம்பால் கோடு போட்ட மாதிரி மங்கலான வெள்ளை இருந்தால் அது ஆரம்பம், அந்தக் கட்டத்தில் திருப்பிவிடலாம், ஒரு துளைகூடப் போட வேண்டாம். பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும். மாதம் ஒரு முறை உதட்டைத் தூக்கிப் பார்த்தால் போதும், தூங்காத அம்மாவுக்கு நடந்தது பலருக்கு நடக்காது. அவர் மேல் தவறில்லை, உதடு மூடியிருக்கும் இடம் அது, சிரித்தால்கூடத் தெரியாது.

---

தூங்காத அம்மா · இரண்டு வாரம் கழித்து

போய்ப் பார்த்துவிட்டு வந்தோம், ஒரு வாரம் கழித்து எழுதலாம் என்று இருந்தேன், ஏனென்றால் அந்த வாரம் எங்கள் வீட்டில் போர்.

முன்பல் மூன்றில் சொத்தை, நான் பார்த்தது இரண்டுதான். பின்னால் கடைவாய்ப் பல் ஒன்றில் குழிக்குள் ஆரம்பம், அது உலர்திராட்சைக்கும் பிஸ்கட்டுக்கும் என் நன்றிக்கடன். இந்த வயதில் துளைபோட வேண்டாம் என்று வெள்ளி கலந்த ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாகத் தடவினார், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அழுகை முழுக்க வாயைத் திறப்பதற்குத்தான். சொத்தை அதோடு நிற்கும், ஆனால் அந்த இடம் கறுப்பாகிவிடும் என்று முன்பே சொல்லிக் கையெழுத்து வாங்கினார். ஆறு மாதத்தில் மறுபடி தடவ வேண்டும். மற்ற பற்களுக்கு ஃபுளூரைடு பூச்சு.

புட்டியை நிறுத்தியதுதான் பெரிய கதை. ஒரேயடியாக நிறுத்தாமல் முதல் மூன்று நாள் பாலில் சர்க்கரையை நிறுத்தினேன், அப்புறம் பாலில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போய் ஆறாவது இரவு வெறும் தண்ணீர். அதைச் சப்பிவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஜென்மத்துக்கும் மறக்காது. ஏழாவது இரவு அவனே புட்டியைத் தூக்கி எறிந்துவிட்டான். 2 மணிக்கு எழுவதும் நின்றுவிட்டது, அவனுக்குப் பசியே இல்லை போல, பழக்கம்தான். சிப்பரில் இப்போது தண்ணீர் மட்டும், பழத்தைக் கடித்துத் தின்னக் கொடுக்கிறேன், பிஸ்கட் சாப்பாட்டோடு சேர்த்து. சிரப்பை அந்த டாக்டர் மாற்றிக் கொடுத்தார்.

இரவுத் தேய்ப்பு கணவர் பொறுப்பு. தலையை மடியில் வைத்துப் படுக்கப்போட்டு, மேலிருந்து பார்த்தபடி தேய்த்தால் எல்லாப் பல்லும் தெரிகிறது, நின்றுகொண்டு முன்னால் இருந்து தேய்த்தபோது பாதிகூடத் தெரியவில்லை. இரண்டு நாள் அவர் விரலைக் கடித்துவிட்டான். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் திருப்தி.

---

மூன்று பிள்ளை அப்பா

அருமை தங்கச்சி. இங்கே அணிலுக்குச் சாப்பாட்டு நேரம் அரை மணி, அதற்கு மேல் தட்டை எடுத்துவிடுகிறோம், கடைசியில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து வாயைத் திறந்து காட்ட வேண்டும். ஒரு வாரம் அழுதான், இப்போது அவனே ஆ என்று காட்டிவிட்டு ஓடுகிறான்.

---

பேரன் தாத்தா

என் பேரனுக்கு வெள்ளைக் கோடு இரண்டு பல்லில் இருந்தது. மருமகளிடம் சொன்னேன், நீங்கள் எப்போது பல் டாக்டர் ஆனீர்கள் என்று கேட்டாள். நாளை போகிறார்கள். அந்தக் கறுப்பு போய்விடுமா அம்மா?

---

பல் டாக்டர் 77

போகாது ஐயா. கறுப்பாகவும் கெட்டியாகவும் இருந்தால் சொத்தை நின்றுவிட்டது என்று அர்த்தம், அந்தப் பல் விழும்வரை அப்படியே இருக்கும். பார்க்க உறுத்தினால் பிள்ளை கொஞ்சம் வளர்ந்து ஒத்துழைக்கும் வயதில் அதன் மேல் வெள்ளையாகப் பூசிவிடலாம்.

---

தூங்காத அம்மா

எனக்குத்தான் முதல் இரண்டு நாள் அந்தக் கறுப்பைப் பார்க்கவே முடியவில்லை. அவனோ கண்ணாடி முன்னால் நின்று உதட்டைத் தானே தூக்கிப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் மீசை முளைத்த மாதிரி காட்டிக்கொண்டிருக்கிறான்.